நீலகண்ட கிருஷ்ணனை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: மதுரை மாவட்டக் கல்வித் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கும், மாவட்டத்தின் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

நான் உசிலம்பட்டி வட்டத்தில் ஒரு கிராமத்தில் பிறந்து, 1988இல் இந்தியக் கடற்படையில் மாலுமியாகச் சேர்ந்து, ரேடார் பிரிவில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி, மாலுமிகளில் மூத்த நிலையான சீஃப் பெட்டி ஆபீசராக ஓய்வுபெற்று ஊர் திரும்பியவன். எனக்காகக் கேட்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்காக ஒன்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

ஒரு புகைப்படத்திலிருந்து தொடங்குகிறேன். ஒவ்வொரு டிசம்பரிலும் நாளிதழ்களில் வரும் படம் அது. நீங்களும் பலமுறை பார்த்திருப்பீர்கள். 1971 டிசம்பர் 16, வங்கதேசம் பிறக்கக் காரணமான இந்திய-பாகிஸ்தான் போர் முடிந்த நாள். டாக்காவின் ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் ஒரு மேசை போடப்பட்டிருக்கிறது. பாகிஸ்தான் தளபதி நியாசி சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திடுகிறார்; அருகில் நம் தளபதி ஜக்ஜித் சிங் அரோரா அமர்ந்திருக்கிறார். அவர்களுக்குப் பின்னால் நிற்பவர்களில் கடற்படைச் சீருடையில் இருப்பவர் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். 1919இல் நாகர்கோவிலில் பிறந்த தமிழர். மதுரையிலிருந்து ஐந்து மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் ஊர். நான் பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் படித்தபோது இந்தப் பெயரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. படையில் சேர்ந்து சில ஆண்டுகள் கழித்து, விசாகப்பட்டினத்தில் ஒரு மூத்த மாலுமி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் ஒடிசாக்காரர். "உங்கள் ஊர்க்காரரைப் பற்றி உனக்கே தெரியாதா?" என்று அவர் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

கிருஷ்ணனின் வாழ்வை நான் ஏன் இவ்வளவு பெரிதாகக் கருதுகிறேன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். ஆங்கிலேயர் காலத்து ராயல் இந்தியக் கடற்படையில் இளம் அதிகாரியாகச் சேர்ந்த அவர், இரண்டாம் உலகப் போரின்போது பாரசீக வளைகுடாவில் காட்டிய துணிவுக்காக, இருபதுகளின் தொடக்கத்திலேயே டி.எஸ்.சி. என்னும் வீரப் பதக்கம் பெற்றார். விடுதலைக்குப் பின் படிப்படியாக உயர்ந்து, 1961 டிசம்பரில் போர்ச்சுகீசியரிடமிருந்து டையூ மீட்கப்பட்டபோது ஐ.என்.எஸ். டெல்லி என்னும் குரூசர் கப்பலின் கேப்டனாக அந்தக் கடற்கரைக்கு எதிரே நின்றார். பின்னர் நாட்டின் முதல் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தின் கேப்டனானார். 1971இல் கிழக்குக் கடற்படைக் கட்டளையகத்தின் தலைமை அதிகாரியாக விசாகப்பட்டினத்தில் இருந்தார். அப்போது அவருக்கு வயது 52.

அந்த ஆண்டு அவர் எடுத்த ஒரு முடிவைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். விக்ராந்தின் நான்கு பாய்லர்களில் ஒன்றில் விரிசல் விழுந்திருந்தது. பாய்லர் பழுதானால் நீராவி குறையும்; நீராவி குறைந்தால் வேகம் குறையும். விமானந்தாங்கிக் கப்பலுக்கு வேகம் மிகவும் இன்றியமையாதது. கப்பல் காற்றை எதிர்த்து விரைந்து ஓடினால்தான் தளத்தின்மீது போதிய காற்று வீசும். அந்தக் காற்றும் தளத்திலுள்ள உந்துபொறியும் சேர்ந்துதான் விமானத்தை மேலே தூக்கிவிடும். இப்படிப்பட்ட கப்பலைப் போருக்கு அனுப்புவதா, துறைமுகத்தில் பத்திரமாகக் கட்டிவைப்பதா என்ற கேள்வி எழுந்தபோது, அதைக் கிழக்குக் கடலுக்குக் கொண்டுவந்து போரில் ஈடுபடுத்த வேண்டும் என்று நின்றவர்களில் கிருஷ்ணன் முக்கியமானவர். வங்கக் கடலில் எதிரியிடம் பெரிய போர்க்கப்பல் அணி இல்லை. ஆகவே குறைந்த வேகத்திலும் விக்ராந்தால் அங்கே வேலை செய்ய முடியும். அஞ்ச வேண்டியது ஒரு நீர்மூழ்கிக்கு மட்டுமே. அந்தக் கப்பலை ஒரு காலத்தில் தாமே ஓட்டியவர் அவர். எது தாங்கும், எது தாங்காது என்பதைக் காகிதத்தில் படிக்காமல் கையால் அறிந்திருந்தவர். கப்பலில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் எடை புரியும். இத்தகைய முடிவில் தவறினால் ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் கடலில் போகும்.

அந்த நீர்மூழ்கியின் பெயர் காஸி. அமெரிக்காவிடமிருந்து பாகிஸ்தான் பெற்ற அக்கப்பல், விக்ராந்தைத் தேடி அழிப்பதற்காக 1971 நவம்பர் 14 அன்று கராச்சியிலிருந்து புறப்பட்டு, இலங்கையைச் சுற்றி வங்கக் கடலுக்கு வந்தது. கிருஷ்ணன் விக்ராந்தை அந்தமானின் மறைவான ஒரு நங்கூரத் தளத்துக்கு அனுப்பிவிட்டு, அது விசாகப்பட்டினத்துப் பக்கமே இருப்பதாக எதிரி நம்பும்படி காரியங்களைச் செய்தார். அவரே பின்னர் தம் நினைவுகளில் எழுதியிருக்கிறார்: பெரிய கப்பல் அணிக்குத் தேவையான அளவுக்கு இறைச்சியும் காய்கறியும் வேண்டுமென்று நகரத்து ஒப்பந்தக்காரர்களிடம் கேட்டுவைத்தார்கள்; சந்தையில் ஒற்றர் காது இருந்தால் அது கராச்சிக்குப் போய்ச் சேரட்டும் என்பது கணக்கு. உலகப் போர்க்காலத்துப் பழைய நாசகாரிக் கப்பலான ராஜ்புத், விக்ராந்தைப் போல் நடித்து நிறைய வானொலிச் செய்திகளை அனுப்பியது. கப்பலில் இருக்கும் மாலுமி ஒருவர் தம் தாயின் உடல்நிலை குறித்துக் கேட்பதுபோல ஒரு சாதாரணத் தந்தியும் மறைகுறி இல்லாமல் போனது. ஒரு தாயைப் பற்றிய தந்தியை எந்த ஒற்றனும் பொய் என்று நினைக்கமாட்டான் என்று அறிந்திருந்த மனிதர் அவர்.

டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி ராஜ்புத் துறைமுகத்தை விட்டு வெளியேறியது. சந்தேகத்துக்குரிய இடத்தில் நீரடி வெடிகுண்டுகளை வீசியது. சற்று நேரத்தில் கரையில் உள்ளோர் கேட்கும்படி பெரும் வெடியோசை எழுந்தது. காலையில் மீனவர்கள் சிதைந்த பொருள்களைக் கண்டெடுத்தார்கள். காஸி தன் மாலுமிகள் 93 பேருடன் மூழ்கியிருந்தது. ராஜ்புத்தின் குண்டுகளால்தான் மூழ்கியது என்பது நம் தரப்பின் நிலை. தான் வைத்த கண்ணிவெடியாலோ உள்ளே நேர்ந்த வெடிப்பாலோ மூழ்கியது என்று வேறு தரப்பினர் கூறுகின்றனர். எப்படியாயினும் அது விசாகப்பட்டினத்து வாசலுக்கு வந்து நின்றதற்குக் காரணம் கிருஷ்ணனின் திட்டம். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது அந்த விவாதத்தையும் சேர்த்தே சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த 93 பேரும் எங்களைப் போன்ற மாலுமிகள் என்பதையும் சொல்லுங்கள். நான் விசாகப்பட்டினத்தில் இருந்த ஆண்டுகளில், துறைமுகத்தை விட்டு வெளியேறும் ஒவ்வொரு முறையும் அவர்கள் அங்கே கீழே கிடக்கிறார்கள் என்ற நினைவு எனக்கு வராமல் இருந்ததில்லை.

டிசம்பர் 4 காலையிலேயே விக்ராந்தின் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கத் தொடங்கின. கிழக்கு வங்கத்தின் துறைமுகங்கள் அடைபட்டன. கடல் வழியாக உதவி வரவோ தப்பிச் செல்லவோ எதிரிக்கு வழியில்லாமல் போனது. பன்னிரண்டாம் நாள் டாக்காவில் அந்த மேசை போடப்பட்டது. கிருஷ்ணனுக்கு 1972இல் பத்மபூஷண் வழங்கப்பட்டது. கடற்படையின் தலைமைப் பதவி அவருக்கு வாய்க்கவில்லை. வைஸ் அட்மிரலாகவே ஓய்வு பெற்று 1982இல் மறைந்தார்.

அவர் ஒருவர் மட்டும் என்று எண்ண வேண்டாம். 1958 ஏப்ரல் 22 அன்று இந்தியக் கடற்படைக்குத் தலைமையேற்ற முதல் இந்தியரான ராம்தாஸ் கட்டாரி செங்கல்பட்டில் பிறந்தவர். 1998 இறுதியிலிருந்து 2001 இறுதி வரை கடற்படைத் தலைவராக இருந்த அட்மிரல் சுஷில் குமாரும் நாகர்கோவிலில் பிறந்தவரே. 1971இல் விக்ராந்துடன் சென்ற பியாஸ் கப்பலின் கேப்டனாக இருந்து வீர் சக்ரா பெற்ற எல். ராம்தாஸ், மும்பையில் பிறந்த தமிழர். 1990 முதல் 1993 வரை கடற்படைத் தலைவராக இருந்து, அக்காலத்தில் பெண்களை அதிகாரிகளாகச் சேர்க்க வழிசெய்து, ஓய்வுக்குப் பின் இந்தியா, பாகிஸ்தான் இடையே அமைதிக்காக உழைத்ததற்காக 2004இல் மகசேசே விருது பெற்றார்.

இவர்களைப் பற்றிச் சொல்லச் சொல்வது பெருமை பேசுவதற்காக அல்ல என்பதை விளக்க, என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போவது புதிதல்ல. உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம், மேலூர் பக்கமெல்லாம் மிலிட்டரிக்காரர் வீடு என்று சொல்லி அடையாளம் காட்டும் வீடு ஊருக்கு ஊர் உண்டு. மழை பொய்த்த ஆண்டில் பட்டாளத்துச் சம்பளம்தான் பல குடும்பங்களைக் காப்பாற்றியது. ஆனால் எங்களுக்குத் தெரிந்த பட்டாளம் ஒரே வாசல் உடையது: ஆள் எடுக்கும் இடத்துக்குப் போ, ஓடு, மார்பை அளக்கக் கொடு, தேர்வானால் சிப்பாய் அல்லது மாலுமி. நான் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் நல்ல மதிப்பெண் எடுத்தவன். அதே வயதில், அதே மதிப்பெண்ணோடு, தேசியப் பாதுகாப்பு அகாதெமித் தேர்வு என்று ஒன்றை எழுதலாம். அதில் தேறினால் புனே அருகே கடக்வாஸ்லாவில் மூன்றாண்டு பயிற்சி பெற்று அதிகாரியாகலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று யாரும் மறைத்ததாகவும் நான் நினைக்கவில்லை. என் ஆசிரியர்களுக்கே அது தெரிந்திருக்காது. ஒடிசாவில் சிலிக்கா பயிற்சித் தளத்தில் சேர்ந்த பிறகு, எங்களுக்கு டிவிஷன் ஆபீசராக வந்த இளைஞரின் வயதைக் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. என்னைவிட ஐந்து வயது மூத்தவர். அவருடைய அப்பா வங்கிக் குமாஸ்தா. அவருக்குப் பள்ளியில் ஓர் ஆசிரியர் விண்ணப்பத்தை வாங்கிக் கொடுத்திருந்தார். எங்கள் இருவருக்கும் இருந்த வேறுபாடு அந்த விண்ணப்பம்தான்.

நான் அறிந்தபோது எனக்கு வயது கடந்திருந்தது. மாலுமியாக இருந்துகொண்டே அதிகாரித் தேர்வுக்குச் செல்லும் வழி ஒன்றும் படைக்குள் உண்டு. ஒருமுறை அதற்கும் போனேன். குழு விவாதத்தில் நான் சொல்ல நினைத்ததை ஆங்கிலத்தில் அடுக்குவதற்குள் மற்றவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். திரும்பி வந்து என் ரேடார் திரையின் முன் உட்கார்ந்தேன். மாலுமி வாழ்க்கையை நான் ஒருபோதும் தாழ்வாக நினைத்ததில்லை. அந்தத் திரையின் முன் செலவான இரவுகள் எனக்குப் பெருமைக்குரியவை. ஆனால் இரண்டு வாசல் இருந்தும் ஒன்றை மட்டுமே கண்டேன் என்பது இன்றும் உறுத்துகிறது. இன்று காலையில் மதுரை ரேஸ் கோர்ஸ் மைதானத்துப் பக்கமும் எங்கள் ஊர்ச் சாலைகளிலும் ஓடிப் பழகும் பையன்களைப் பார்க்கும்போது அந்த உறுத்தல் கூடுகிறது. அவர்களிடம் நின்று கேட்டிருக்கிறேன். அக்னிவீரர் தேர்வைப் பற்றி எல்லாருக்கும் தெரிகிறது. அதில் நான்கு ஆண்டுகளுக்குப் பின் நிரந்தரமாகத் தொடர்பவர்கள் அதிகபட்சம் 25 விழுக்காட்டினர் என்பதும் தெரிகிறது. அதிகாரித் தேர்வைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு, அண்ணே" என்கிறார்கள்.

பெரிய இடம் எதுவும் தேவையில்லை. அகாதெமித் தேர்வை யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. கட்டணம் 100 ரூபாய்; பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் அதுவும் இல்லை. பதினாறரை வயது நிறைந்து பத்தொன்பதரை வயதைக் கடக்காதவர்கள், பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருக்கும்போதே எழுதலாம். கணிதத்துக்கு 300 மதிப்பெண், பொதுத்திறன் தாளுக்கு 600, பின்னர் ஐந்து நாள் நடக்கும் நேர்முகத் தேர்வுக்கு 900. பயிற்சிச் செலவு அரசுடையது. 2021இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு பெண்களும் எழுதுகிறார்கள். 2022இல் சேர்ந்த முதல் அணியில் 17 பெண்கள் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளிவந்தார்கள்.

இங்கே உங்கள் கவனத்தை ஒரு செய்தியில் நிறுத்த விரும்புகிறேன். தரைப்படைப் பிரிவுக்கு எந்தப் பாடம் படித்தவரும் விண்ணப்பிக்கலாம். கடற்படைக்கும் விமானப்படைக்கும் மேல்நிலையில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருக்க வேண்டும். அதாவது பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை பதினோராம் வகுப்பில் எந்தக் குரூப் எடுப்பது என்று உங்கள் அலுவலக வாசலில் நிற்கும் அந்த ஒரு நாளிலேயே, கடற்படை அதிகாரியாகும் வழி அவனுக்கோ அவளுக்கோ திறக்கிறது அல்லது மூடிக்கொள்கிறது. அந்த நாளில் அப்பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்த பிறகு அவர்கள் காமர்ஸ் எடுக்கட்டும், தவறில்லை.

வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது என்பது தமிழ்வழிப் பிள்ளைகளுக்குப் பெரும் தடை. இதை மாற்றுவது உங்கள் அதிகாரத்தில் இல்லை என்பதை அறிவேன். ஆனால் பதினோராம் வகுப்பிலிருந்தே வாரத்தில் ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் பேசிப் பழகவும், பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்க்கவும் பள்ளியில் இடம் கொடுப்பது உங்களால் முடியும். எனக்கு அன்று தடையாக இருந்தது என் கணக்கு அறிவு அல்ல, வாய் திறக்கும் பழக்கம் இல்லாததுதான்.

அதிகாரி வாழ்க்கையின் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். சப் லெப்டினன்டாகத் தொடங்குபவர் கமாண்டர் வரை ஏறத்தாழ ஆண்டுக் கணக்கில் உயர்வார். அதற்கு மேல் கேப்டன், கமடோர், ரியர் அட்மிரல், வைஸ் அட்மிரல் என ஒவ்வொரு படியிலும் தேர்ந்தெடுத்துச் சிலரையே மேலே விடுவார்கள். நல்ல அதிகாரிகள் பலர் கமாண்டராகவே ஓய்வு பெறுவதை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளை பிறந்த செய்தியைக் கடலில் இருந்தே கேட்பார்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை ஊர் மாற்றம். என் கப்பலில் இருந்த ஒரு கேப்டன், புயலில் சிக்கிய இரவு முழுவதும், கப்பலை இயக்கும் மேல்தள அறையான பிரிட்ஜில் இருந்த நாற்காலியை விட்டு இறங்கவில்லை. விடிந்ததும் முதலில் அடுப்படிக்கு வந்து, சமையற்காரர்களால் சூடாக ஏதாவது செய்ய முடிந்ததா, மாலுமிகள் சாப்பிட்டார்களா என்று கேட்டார். அவர் பின்னர் பெரிய பதவிக்குப் போகவில்லை. ஆனால் அதிகாரி என்றால் என் மனத்தில் வருவது அவர் முகம்தான். கிருஷ்ணனைப் பற்றிப் படிக்கும்போதும், நாற்காலியை விட்டு இறங்காத அந்த இரவையே வைத்து அவரைப் புரிந்துகொள்கிறேன்.

ஆகவே என் வேண்டுகோள் இது. ஆண்டுதோறும் டிசம்பர் 4 கடற்படை நாள். காஸி மூழ்கிய நள்ளிரவும், நம் ஏவுகணைப் படகுகள் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கிய இரவும் அந்த நாளுக்கு உரியவை. அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி, நாகர்கோவிலில் பிறந்து டாக்காவில் அந்த மேசைக்குப் பின்னால் நின்ற மனிதரின் வாழ்வைத் தமிழில் சொல்லுங்கள். மே, ஜூன் மாதங்களில் பதினோராம் வகுப்புச் சேர்க்கை நடக்கும் நாள்களில், குரூப் பட்டியலுக்குப் பக்கத்தில் அதிகாரித் தேர்வின் விவரத்தையும் தமிழில் எழுதி ஒட்டுங்கள். புதுநத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் மாணவர்களைக் கூட்டி ஒரு நாள் பேச ஏற்பாடு செய்தாலும் நலம். மீன் கொடி பறந்த ஊர் இது. ஆனால் எங்கள் கிராமத்துப் பிள்ளைகளில் பலர் கடலைப் பார்ப்பது ஆடி அமாவாசைக்கு ராமேசுவரம் போகும்போது மட்டுமே. அவர்களுக்குக் கடலில் ஒரு வேலை இருக்கிறது, அதில் தலைமை தாங்கும் இடமும் இருக்கிறது என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

சொல்ல ஆள் வேண்டுமென்றால் நாங்கள் இருக்கிறோம். எங்கள் வட்டத்தில் மட்டும் முப்படைகளிலிருந்தும் ஓய்வுபெற்ற என் நண்பர்கள் சிலர் வரத் தயாராக இருக்கிறார்கள். போக்குவரத்துச் செலவோ சால்வையோ வேண்டாம். அந்த டாக்கா படத்தைப் பெரிதாக அச்சிட்டு, நிற்பவர், அமர்ந்திருப்பவர் ஒவ்வொருவரின் பெயரையும் அவரவர் உருவத்துக்குக் கீழே தமிழில் எழுதிவைத்திருக்கிறேன். எந்தப் பள்ளி அழைத்தாலும் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு முதல் பேருந்தில் வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சீஃப் பெட்டி ஆபீசர் ஒருவர்,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.